எவருடைய வற்புறுத்தலும் இன்றி

பத்திரம் எழுதுவது என் தொழில். இருபத்தாறு வருஷமாக எழுதுகிறேன். பதிவு ஆபீசுக்கு எதிரில், டீக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், எட்டடிக்குப் பத்தடி இடம். முதலில் கையால் எழுதினேன். பிறகு டைப் அடித்தேன். இப்போது கம்ப்யூட்டர். எதில் எழுதினாலும் ஒரு வரி மட்டும் மாறவே இல்லை. ‘நான் நல்ல நினைவுடனும், எவருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் மிரட்டலும் இன்றி, என் முழு மனச்சம்மதத்தின் பேரில் இப்பத்திரத்தை எழுதிக் கொடுக்கிறேன்.’

கம்ப்யூட்டர் வந்த பிறகு அந்த வரியை நான் அடிப்பதுகூட இல்லை. பழைய பத்திரத்தைத் திறந்து பேரையும் சர்வே நம்பரையும் நான்கு எல்லையையும் மாற்றினால் போதும். அந்த வரி அதே இடத்தில் இருக்கும். எழுதிக் கொடுக்கிறவர் அதைப் படிப்பதில்லை. வாங்குகிறவர் படிப்பதில்லை. நானும் படிப்பதில்லை.

அந்த வரியை வைத்து என் அக்காவின் கிணற்றை ஒருத்தன் எடுத்துக்கொண்டான். எழுதிக் கொடுத்தவன் நான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் ஆற்றோரக் கிராமம் ஒன்றில் வாக்கப்பட்டாள். அந்தப் பக்கம் வெற்றிலைதான் பிழைப்பு. அகத்தி மரத்தை வரிசையாக நட்டு, அதில் வெற்றிலைக் கொடியை ஏற்றிவிட்டால் அதற்குக் கொடிக்கால் என்று பெயர். அக்காவுக்கு அரை ஏக்கர் கொடிக்கால். கைக்குழந்தையைப் போலப் பார்க்க வேண்டிய பயிர். வாய்க்காலில் தண்ணீர் வரும் மாதங்களில் கவலை இல்லை. வாய்க்காலை அடைத்துவிட்டால் கிணறுதான். நாலு நாள் தண்ணீர் தவறினால் இலை சுருண்டுவிடும்.

கொடிக்காலுக்கு ஒரு சுத்தம் உண்டு. செருப்புப் போட்டுக்கொண்டு உள்ளே போகக் கூடாது. வியாபாரி வந்தாலும் சரி, கரண்ட்டு ஆபீஸ்காரர் வந்தாலும் சரி, வரப்பிலேயே கழற்றிவிட வேண்டும். ஒரு தடவை நான் போன் பேசிக்கொண்டே மறந்து செருப்போடு இரண்டடி உள்ளே வைத்துவிட்டேன். அக்கா கையிலிருந்த இலைக்கட்டைக் கீழே போட்டுவிட்டு, கூலிக்கு வந்த ஆட்கள் பார்க்க என்னைத் திட்டினாள். எனக்கு அப்போது நாற்பது வயதுக்கு மேல். அவ்வளவு வாய் அவளுக்கு.

மச்சான் இருந்தபோதே அவரும் அவர் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். அந்தப் பாகப் பத்திரமும் நான் எழுதியதுதான். கிணறு அக்கா பக்கம் வந்தது. அதற்கு ஈடாகத் தம்பிக்காரனுக்குத் தென்னை இரண்டு வரிசை அதிகம் போனது. அன்றைக்குச் சிரித்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டான். பிறகு அவன் பாகத்தில் இரண்டு இடத்தில் போர் ஓட்டினான். இரண்டிலும் புழுதிதான் பறந்தது. ஏழு வருஷத்துக்கு முன் மச்சான் நெஞ்சுவலியில் போய்விட்டார். தன் பாகத்தை அக்கா பேருக்கே உயில் எழுதி வைத்திருந்தார். அக்காவும் அவள் மகளும் நின்றார்கள். மகள் சேலத்தில் படித்து, அஸ்தம்பட்டியில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். கொடிக்கால்தான் அவளைப் படிக்க வைத்தது.

போன தைக்கு முந்தின தை மாதம். ஒரு புதன்கிழமை முற்பகல் அக்கா கடைக்கு வந்தாள். கொழுந்தனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். அதுவே எனக்கு விநோதமாக இருந்தது. அவள் எங்கே போனாலும் பஸ்தான். ஈரத் துணியில் சுற்றி ஒரு கட்டு வெற்றிலை மடியில் வைத்திருந்தாள்.

“தம்பி, கெணத்தடி பதினொரு சென்ட்டக் கொழுந்தனாருக்கு எழுதிக் குடுத்தர்லாம்னு இருக்கறேன்” என்றாள்.

எனக்குக் கோபம் முதலில் வரும், யோசனை பிறகுதான் வரும். “கெணத்தக் குடுத்துப்போட்டுக் கொடிக்காலுக்கு எச்சித் துப்பியா தண்ணி கட்டுவீங்க்கா?” என்று கேட்டேன். அவள் தரையைப் பார்த்தாள்.

கொழுந்தன்தான் பேசினான். “மாப்ளைக்குக் கோவத்தப் பாரு. தண்ணி எங்க போயிருது? எப்பவும் போல அண்ணிக்கு மொதல்ல பாயும், அப்பறந்தான் எனக்கு. பேரு மட்டும் என்ற பேருல இருந்தா, மோட்டாரு மாத்த லோன் குடுப்பாங்க. ஒரே ஊட்டு ஆளுக நாம.”

தானப் பத்திரமாகப் போடச் சொன்னான். கணவனின் தம்பி என்றால் குடும்பச் சலுகை கிடைக்காது, முத்திரைத் தீர்வை முழுதாகக் கட்ட வேண்டும் என்று சொன்னேன். சரி என்றான். கொத்துமல்லிக்கட்டுக்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிறவன், ஒரு வார்த்தை பேசாமல் சரி என்றான். நான் அங்கே ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்க வேண்டும். நிற்கவில்லை. எனக்கு அக்காவின் மேல் கோபம். புருஷன் போன பிறகு கொழுந்தன் இனிக்கப் பேசியதில் மயங்கிக் கிடக்கிறாள், பட்டால்தான் தெரியும், படட்டும் என்று நினைத்தேன். இப்படித்தான் நினைத்தேன். எழுதும்போது மாற்றிச் சொல்ல மாட்டேன்.

எல்லாரிடமும் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வழக்கமான வேடிக்கைப் பேச்சு. அக்காவிடமும் கேட்டேன். “ஆராச்சும் கழுத்துல கத்தி வெச்சுக் கூட்டிட்டு வந்தாங்களா?” கொழுந்தன் பலமாகச் சிரித்தான். அக்கா, “அதெல்லாம் ஒண்ணுமில்ல சாமி. நீ எழுது” என்றாள்.

எழுதினேன். பழைய பத்திரத்தைத் திறந்தேன், பேரை மாற்றினேன், எல்லையை மாற்றினேன். அந்த வரியைத் தொடவில்லை.

ஆபீசில் அக்காவைக் கேமரா முன் உட்கார வைத்தார்கள். கைரேகை வைத்தாள். சம்மதத்தோடுதான் கொடுக்கிறீர்களா என்று கேட்டபோது ஆமாங்க என்றாள். தானம் கொடுக்கும்போது வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்க வேண்டும் என்று கொழுந்தன் முன்பே சொல்லியிருந்தான் போல. வெளி வராண்டாவில் நின்று, தன் தோட்டத்து வெற்றிலையைத் தட்டில் வைத்து, அதன் மேல் ரசீதை வைத்து, இரண்டு கையாலும் அவனுக்குக் கொடுத்தாள். அவனோடு வந்தவன் போனில் போட்டோ எடுத்தான். சிரிங்க்கா என்றான். அக்கா சிரித்தாள்.

விஷயம் எனக்குத் தெரிந்தது பங்குனியில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மருமகள் வந்தாள். அக்காவின் மகளைச் சொல்கிறேன். அவளுக்கும் அம்மாவைப் போலவே வாய். வீட்டுக்குள் வந்து உட்காரக்கூட இல்லை.

“மாமா, எங்கம்மா கெணத்த எழுதிக் குடுத்தப்ப ஏன்னு ஒரு வார்த்த நீங்க கேக்கலியா?”

கேட்டேன் என்றேன். “எப்பிடிக் கேட்டீங்க?” என்றாள். அவளே நடந்ததைச் சொன்னாள்.

அவள் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு பையன். சேலத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பம். ஒரு வருஷம் பழகியிருக்கிறார்கள். இரண்டு வீட்டிலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று தெரிந்து, உட்கார்ந்து பேசி, பிரிந்துவிட்டார்கள். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. ஏற்காட்டுக்குப் போனபோது எடுத்த போட்டோக்கள் அவளுடைய பழைய போனில் இருந்திருக்கின்றன. அந்தப் போனை, படிக்க உதவும் என்று, சித்தப்பன் மகளுக்குக் கொடுத்திருக்கிறாள். நம் வீடுகளில் பழைய சட்டையும் பழைய போனும் இப்படித்தான் கைமாறும். அழித்துவிட்டுக் கொடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. சொந்த வீடுதானே.

மார்கழிக்கு முன் மருமகளுக்குச் சம்பந்தம் கூடிவந்தது. திருச்செங்கோட்டுப் பக்கம், போர் போடும் ரிக் வண்டி ஓட்டும் குடும்பம். உப்புச்சக்கரை மாற்றி நிச்சயம் செய்தாயிற்று. வைகாசியில் கல்யாணம். நிச்சயம் முடிந்து எட்டாம் நாள் சித்தப்பன் கொடிக்காலுக்கு வந்து, அந்தப் போனை அக்காவிடம் காட்டியிருக்கிறான். சத்தம் போடவில்லை, கையை ஓங்கவில்லை. கிணற்றடி எனக்கு வேண்டும், இல்லாவிட்டால் இது மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும், பிறகு ஊருக்கெல்லாம் போகும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அக்கா யாரிடமும் சொல்லவில்லை. மகளிடம் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. பத்திரம் எழுதின அன்றைக்கு என் முன்னால் மூன்று அடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவனும் பக்கத்திலேயே இருந்தான். நான் அவனுக்கு டீ சொன்னேன்.

கிணறு கைக்கு வந்த பிறகு அவன் நிறுத்துவான் என்று அக்கா நம்பினாள். மாசிக் கடைசியில் மறுபடி வந்தான். கொடிக்காலையே பத்து வருஷக் குத்தகைக்குத் தனக்கு எழுதிக் கொடு என்றான். அப்போதுதான் அக்கா உடைந்து மகளுக்குப் போன் செய்தாள். மருமகள் என்ன செய்தாள் தெரியுமா? ஒரு நாள்கூடக் காத்திருக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குத் தானே போன் செய்து, இப்படி ஒரு பையனோடு ஒரு வருஷம் பழகினேன், இப்போது இல்லை, போட்டோ இருக்கிறது, என் சித்தப்பா அதை வைத்து எங்கம்மாவை மிரட்டுகிறார் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவன் விலை சொல்லி வைத்திருந்த சரக்கை இவள் சும்மாவே கொடுத்துவிட்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் மரியாதையாகத்தான் சொல்லியனுப்பினார்கள். பெண்ணின் மேல் குற்றம் சொல்லவில்லை, பெரியவர்கள் சங்கடப்படுகிறார்கள், வேண்டாம் என்று. கல்யாணம் போயிற்று. அக்கா எதைக் காப்பாற்றக் கிணற்றைக் கொடுத்தாளோ அதுவும் போயிற்று, கிணறும் போயிற்று.

அன்றைக்கே கிளம்பி ஸ்டேஷனுக்குப் போனோம். எந்த ஸ்டேஷன் என்று எழுதப்போவதில்லை. அங்கே இருந்தவர் கெட்டவர் இல்லை. பத்திரத்தை வாங்கிப் படித்தார். இருபத்தாறு வருஷத்தில் அந்த வரியை ஒரு மனுஷன் நிறுத்தி வாசித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

“எவருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் மிரட்டலும் இன்றி. இது உங்க எழுத்துத்தானுங்களே?”

ஆமாங்க என்றேன்.

“மெரட்டல் இல்லைன்னு எழுதுனதும் நீங்க. மெரட்டுனாங்கன்னு வந்து நிக்கறதும் நீங்க. நான் எந்த உங்களை நம்பறது, சொல்லுங்க.”

கொழுந்தனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவன் போனில் அந்த வராண்டா போட்டோவைக் காட்டினான். வெற்றிலைத் தட்டு, இரண்டு கை, சிரிப்பு. இது சிவில் விவகாரம், கோர்ட்டில் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். படியிறங்கும்போது அவன் என் காதுக்கருகில் வந்து, “மாப்ள, உங்க அக்கா குடுத்தாங்க, நான் வாங்கிக்கிட்டேன். நான் என்ன ஏணி வெச்சு ஏறியா எடுத்தேன்?” என்றான். நான் அவன் சட்டையைப் பிடித்தேன். போலீஸ்காரர் ஒருவர் என்னை இழுத்து வெளியே விட்டார். அந்த ஊரில் நான் கைநீட்டியவன் என்றும் அவன் பொறுத்துப்போனவன் என்றும் பேச்சாகிவிட்டது.

அவன் கேட்ட அந்தக் கேள்வி என்னை வெகுநாள் குடைந்தது. உண்மையிலேயே எனக்குப் பதில் தெரியவில்லை. அவள் கொடுத்தாளே. தன் கையால் கொடுத்தாளே. இதில் குற்றம் எங்கே இருக்கிறது? பத்திரம் எழுதத் தெரியும், சட்டம் தெரியும் என்று மார்தட்டிக்கொண்டிருந்தவன் நான்.

நாமக்கல்லில் ஒரு வக்கீல் அம்மாவிடம் போனோம். என் மகள் வயதுதான் இருக்கும். அக்கா, மருமகள், நான், மூன்று பேரும் அவர் எதிரில் உட்கார்ந்தோம். நான் அந்தக் கேள்வியையே கேட்டேன். அவர் யோசிக்கவில்லை.

“திருடறவன் உங்களுக்குத் தெரியாம எடுத்துட்டுப் போவான். ஏமாத்தறவன் பொய் சொல்லி வாங்குவான். இவன் பயம் காட்டி, உங்க கையாலயே குடுக்க வெப்பான். மிரட்டிப் பறிக்கிறதுன்னு சட்டத்துல இதுக்குத் தனிப் பேரே இருக்கு. குடுக்கறது நம்ம கைங்கறதாலதான் பறிகுடுத்தவங்களே வெக்கப்பட்டுக்கிட்டு வெளிய சொல்றதில்ல. உங்க அக்கா குடுத்தாங்கங்கறது அவனுக்குச் சாதகம் இல்லீங்க. இந்தக் குத்தமே அப்படித்தான் நடக்கும்.”

மருமகள் கேட்டாள், “போட்டோ நெசந்தானுங்க மேடம். பொய்யா எதுவும் ஒட்ட வெக்கல. அப்பவும் குத்தமா?”

“நெசத்தக் காட்டி மிரட்டினாலும் மிரட்டல்தான். மானம் போயிரும்னு பயம் காட்டறது, கைய ஒடிப்பேன்னு பயம் காட்டற மாதிரிதான். பணமா வாங்கோணும்னும் இல்ல. பத்திரத்துல கையெழுத்து வாங்கினாலும் அதே குத்தம். பழைய சட்டத்துல மூணு வருஷம், இப்ப வந்த சட்டத்துல ஏழு வருஷம் வரைக்கும் போகும். கேட்டுக் கெடைக்காமப் போனாலும், கேக்கறதுக்காகப் பயம் காட்டுனதே தனிக் குத்தம். ரெண்டாந்தடவ கொடிக்காலக் கேட்டாரே, அது அதுல வரும்.”

சட்டத்தில் இவ்வளவு தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள், நான் இத்தனை வருஷம் எதைப் படித்தேன் என்று நினைத்தேன். ஆனால் அவர் அடுத்துச் சொன்னது அக்காவுக்கு. அவன் என்ன சொன்னான், எதைக் காட்டினான், எந்த வார்த்தையில் சொன்னான் என்பதை அக்கா தன் வாயால் வாக்குமூலமாகச் சொல்ல வேண்டும். போலீசில் சொல்ல வேண்டும், பிறகு கோர்ட்டில் சொல்ல வேண்டும். பத்திரத்தை ரத்துச் செய்ய சிவில் கோர்ட்டில் தனி வழக்குப் போட வேண்டும். அங்கேயும் அதையே சொல்ல வேண்டும்.

“அத வாயால சொல்லோணுங்களா?” என்றாள் அக்கா.

“சொல்லித்தாங்கம்மா ஆகோணும். பயம் என்னன்னு தெரிஞ்சாத்தான குத்தம்.”

அக்கா எழுந்து வெளியே போய்விட்டாள். எந்தப் பேச்சு வெளியே வரக் கூடாது என்று கிணற்றைக் கொடுத்தாளோ, அதே பேச்சைப் பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் கிணறு திரும்பும். சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. வேறு எப்படிக் கேட்க முடியும்? ஆனால் இந்த மாதிரிப் பயல்கள் எந்தத் தைரியத்தில் மிரட்டுகிறார்கள் என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது.

இருபது நாள் அக்கா வாக்குமூலத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மருமகள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, தினமும் அவளோடு மல்லுக்கட்டினாள். “என்ற போட்டோ, என்ற பேரு. எனக்கே இல்லாத வெக்கம் உனக்கென்ன?” என்பாள். அக்கா ஒரே பதில்தான் சொல்வாள். “உனக்குத் தெரியாது கண்ணு. ஒருக்காக் காயிதத்துல ஏறுனா எறங்காது.” பத்திரக்காரன் தம்பியை வைத்துக்கொண்டு அவள் கற்றுக்கொண்டது அது.

அந்த இருபது நாளில் சித்திரை வந்துவிட்டது. வாய்க்காலை அடைத்தார்கள். கொழுந்தன் மோட்டார் ரூமுக்குப் புதுப் பூட்டுப் போட்டான்.

கொடிக்காலில் இலை கிள்ளுகிற ஒரு அம்மா இருந்தாள். இருபது வருஷமாக அக்காவிடம் வருகிறவள். கொழுந்தன் தோட்டத்திலும் வேலை செய்வாள். பூட்டைப் பார்த்த அன்று அவளே என் கடையைத் தேடி வந்தாள். வாசலில் நின்றுகொண்டே சொன்னாள்.

“அன்னைக்கு அவரு செருப்போட உள்ள வந்தாருங்க. அக்கா பாத்தாங்க. பாத்துப்போட்டு ஒரு வார்த்த கேக்கலீங்க. நாலு சால் தள்ளி எல கிள்ளிட்டு இருந்தேன். பதினொரு சென்ட்டா புள்ளையான்னு ரோசன பண்ணிக்கங்க அண்ணின்னாரு. என்ற காதால கேட்டேனுங்க.”

இதைக் கோர்ட்டில் சொல்வாயா என்றேன். சொல்லுவேன் என்றாள். அவன் தோட்டத்தில் வேலை போய்விடுமே என்றேன். “போனாப் போவுது. கொடிக்காலுக்குள்ள செருப்போட வாரவங்கிட்ட என்ன வேல” என்றாள்.

வக்கீலம்மாவிடம் இதைச் சொன்னபோது, செருப்பு விஷயம் எதற்கு, கேட்டதை மட்டும் சொன்னால் போதும் என்றார். பிறகு கொடிக்காலின் வழக்கத்தை நான் விளக்கினேன். என்னையே திட்டியவள், அவனைத் திட்டவில்லை. செருப்புக் காலோடு அவன் நடந்து வருவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றாள். பயம் என்றால் வேறு என்ன? அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

இலை கிள்ளுகிற அம்மா வந்து சொன்ன பிறகுதான் அக்கா அசைந்தாள். வாக்குமூலம் கொடுத்தாள். மேலிடத்துக்கு மனுப் போட்டு, வழக்குப் பதிவானது. கொழுந்தன் பதினாறு நாள் உள்ளே இருந்தான். ஜாமீனில் வந்தான். பூட்டுச் சாவி அவனிடமே இருந்தது. வழக்கு நடந்தாலும், ரத்தாகும் வரைக்கும் பத்திரம் பத்திரம்தான். அதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கொடிக்கால் காய்வதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். முதலில் இலை நிறம் வெளுக்கும். பிறகு ஓரம் சுருளும். கொடி அகத்தியை விட்டுப் பிடி தளர்ந்து தொங்கும். டேங்கர் வைத்துத் தண்ணீர் ஊற்றினோம். பதினைந்து அடிக்கு அந்தப் பக்கம் கிணற்றில் தண்ணீர் கிடந்தது. வெயிலில் அதன் பளபளப்பு எங்கள் கண்ணில் அடித்தது. மருமகள் குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கப் போனாள். அத்துமீறல் கேஸ் போடுவான் என்று நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். நான்தான் பிடித்தேன். ஆனியில் அக்கா அகத்தியை வெட்டி, பக்கத்து வீட்டு ஆடுகளுக்குப் போட்டாள். அரிவாளை யார் கையிலும் கொடுக்கவில்லை. அரை ஏக்கரையும் தானே வெட்டினாள்.

இப்போது அக்கா அஸ்தம்பட்டியில் மகளோடு இருக்கிறாள். மாடியில் ஒரு ரூம். நான் போயிருந்தபோது சாப்பிட்டு முடித்ததும் அலமாரியிலிருந்து ஒரு பாலிதீன் பையை எடுத்தாள். கடையில் வாங்கின வெற்றிலை. இரண்டு இலையை எடுத்து முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, ஒன்றைக் கீழே வைத்தாள். எந்த ஊர் இலை என்று கேட்டேன். “ஆருக்குத் தெரியும்” என்றாள்.

நடுவில் ஒரு கிறுக்குத்தனம் செய்தேன். அந்த வரியை எடுத்துவிட்டு ஒரு பத்திரம் எழுதினேன். எனக்குத் தெரியாத விஷயத்தை நான் ஏன் எழுத வேண்டும் என்று. ஆபீசில் திருப்பிவிட்டார்கள். அது இல்லாமல் ஏற்கும் வழக்கமில்லை என்றார்கள். எழுதிக் கொடுக்கிறவர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். மறுபடி சேர்த்துக் கொடுத்தேன்.

போன மாதம் கோர்ட்டில் என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் முறை முந்தின வாய்தாவிலேயே முடிந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னாளாம், குரல்தான் கேட்கவில்லை, இரண்டு தடவை உரக்கச் சொல்லச் சொன்னார்களாம். இலை கிள்ளுகிற அம்மாவும் பிசகாமல் சொல்லியிருந்தாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் பத்திரத்தை என் கையில் கொடுத்து அந்த வரியை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இது உண்மையா பொய்யா என்றார். பொய் என்றேன். தெரிந்தே எழுதினீர்களா என்றார். தெரியாமல் எழுதினேன் என்றேன். யாராவது மிரட்டினார்களா என்று உங்கள் அக்காவிடம் கேட்டீர்களா என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எங்கள் வக்கீலம்மா தலையைக் குனிந்துகொண்டார். கேட்கவில்லை என்றால் என் தொழில் போகும், அவ்வளவுதான், அக்காவின் வழக்குக்குச் சேதமில்லை. ஆனால் கொழுந்தன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான், கேட்டது அவனுக்கும் தெரியும். அதைவிட, பொய்யை எழுதிக் கொடுத்துத்தான் இவ்வளவும் ஆனது. சத்தியம் செய்துவிட்டு இன்னொன்றையும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“கேட்டேனுங்க.”

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணுமில்லைன்னு சொன்னாங்க.”

போதும் என்று அவர் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்து அக்காவின் பக்கத்தில் நின்றேன். தீர்ப்பு எப்படி வரும் என்று தெரியாது. வக்கீலம்மா நம்பிக்கையாகத்தான் பேசினார். பயத்தில் இருக்கிறவள், பயம் காட்டியவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, ஒன்றுமில்லை என்றுதான் சொல்வாள், அதை வாதத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நான் அக்காவைப் பார்த்து, நான் உண்மையைச் சொன்னதால் கெட்டுப்போச்சாக்கா என்று கேட்டேன்.

“கெடல. நீ கேட்டது நெசந்தான தம்பி” என்றாள். சேலம் பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“சிரிச்சுட்டே கேட்டயல்லொ. அதான் சொல்லல.”

பஸ் நின்றது. முன்வாசலில் ஏறி, ஜன்னலோரம் இடம் பார்த்து உட்கார்ந்தாள். நான் கையைத் தூக்கினேன். அவள் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.